மிதவை இல்லாத கயிறு

பிப்ரவரி 1, சனி

புனித பிரிஜித் திருநாள். காலைப் பூசைக்குப் பதினோரு பேர். நான் கேலிக் மொழியில் நற்செய்தி வாசித்ததைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இதற்கே இவர்களுக்கெல்லாம் மோட்சத்தில் இடம் உண்டு. ஐந்து மாதமாக ஸ்காட்லாந்தின் இந்த மேற்குத் தீவுக்கு நான்தான் பங்குச்சாமி. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்குப் பனிமய மாதாவின் நினைவாகப் பனியடிமை என்று பேர் வைத்தார்கள். ஆயர் பேருக்கேற்ற ஊராகப் பார்த்து அனுப்பிவிட்டார். இங்கே எல்லோருக்கும் நான் 'மைஸ்டிர் பனி'. சாமியாரை மைஸ்டிர் என்று அழைப்பது இவர்கள் வழக்கம்.

பூசை முடிந்ததும் ருவரி என்னைக் கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்கு இழுத்துப்போனார். அறுபது வயதுக்காரர், சிங்கி இறால் பிடிப்பவர், கோயில் சாவியும் அவரிடம்தான். பாறைமேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, சிவந்த நீள மூக்கோடு கத்திக்கொண்டிருந்தது. அதன் கேலிக் பேர் 'கில்யே ப்ரீஜா'. பிரிஜித்தின் ஊழியன் என்று அர்த்தமாம்.

"நீரு மாதாவுக்கு அடிம, அவன் பிரிஜித்துக்கு அடிம. உடுப்பும் ஒண்ணுபோல. குளிருல மூக்கு செவக்கதும் ஒண்ணுபோல" என்றார்.

இவர்கள் கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் பேசுவதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதிவைக்கிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது. என் குறிப்பு, என் இஷ்டம்.

வெந்நீர்க் கொதிகலன் மறுபடியும் நின்றுவிட்டது. நாசமாய்ப் போக.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியம் அம்மாவின் போன். "சாப்பிட்டியா மக்களே, கம்பளி போட்டிருக்கியா, அங்க மீனு கிடைக்கா" எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் வழக்கமான கேள்வி: "அன்னைக்குச் சாயங்காலம் போட்டுக்காரங்க உங்கிட்ட வந்து என்ன கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

"சரி மக்களே" என்று வைத்துவிட்டாள். ஏழு வருஷமாக வாரம் தவறாமல் இதே கேள்வி, இதே பதில்.

பிப்ரவரி 6, வியாழன்

இங்கே சிங்கி இறால் பிடிக்கும் லாக்லனின் படகு வடக்கே பத்து மைல் தள்ளி ஆளில்லாமல் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம். காற்றும் இல்லை, அலையும் இல்லை. அவன் தனியாகத்தான் தொழிலுக்குப் போகிறவன்.

அவன் மனைவி ஒய்ரிக் இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியை. புதன்தோறும் என் ஞாயிற்றுப் பிரசங்கத்தைச் சிவப்பு மையால் திருத்திக் கிழிப்பவள். நேற்றும் வந்தாள். "இத வாசிச்சா ஆடு மாடு கூட வெளிய போயிரும் சாமி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். நேற்றுத்தான்.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நின்று ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். யார் தின்பதற்கு என்று தெரியவில்லை, முழு ரொட்டியையும் அறுத்துமுடித்தாள். நான் செபமாலையை எடுத்தபோது, "இப்ப வேண்டாம். செத்தவங்களுக்குச் சொல்லுத மாதிரி இருக்கு" என்றாள். எடுத்த கையோடு பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நான்காம் நாள் தேடல். ஹெலிகாப்டர், மூன்று தீவுகளின் படகுகள். பூசைக்கு ஆண்கள் யாரும் இல்லை.

அம்மாவின் போன் வந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

தேடுதலை நிறுத்திவிட்டார்கள். மாலையில் ருவரி நனைந்த நாய்போல வந்து என் அடுப்பருகே உட்கார்ந்தார். மத்தி போல இங்கே கிடைக்கும் ஒரு மீனில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சிங்கி இறால் பிடிக்க, ஒரே நீளக் கயிற்றில் இருபது கூடு கட்டிக் கடலில் இறக்கி, இடம் தெரிய நுனியில் மிதவை விடுவார்கள். கயிறு ஓடும்போது அதன் வளையத்துக்குள் கால் மாட்டினால், கூடுகளின் பாரம் ஆளையும் சேர்த்து அடிக்கு இழுத்துவிடும். தனியாகப் போகிறவனுக்குக் கயிற்றை அறுக்க ஆள் கிடையாது. லாக்லனின் கயிறுகள் அத்தனையையும் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். சாதாரண நாளில் இன்னொருவன் கூட்டைத் தொடுவது இங்கே பெரும் பாவம். அதையும் மீறித் தூக்கினார்கள். எதிலும் அவன் இல்லை.

"அவனுக்கு இன்னொரு எடம் உண்டு சாமி. அந்தக் கயித்துக்கு மிதவையே போடமாட்டான். அடையாளம் பாத்துப் போயி, கொக்கியப் போட்டு இழுத்து எடுப்பான். அவன் அப்பன் எடம் அது. உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒய்ரிக்குக்கு?"

"ஒருக்கா கேட்டேன். தெரியாதுன்னா."

"ரெண்டாவது கேக்கலியா?"

"இங்க ரெண்டாவது கேக்கது கிடையாது" என்றார் ருவரி.

நான் புளி கரைத்தேன். அவருக்கு உறைப்பு ஆகாது என்பதால் மிளகாயைக் குறைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர்கள் 'கோவரா' என்பதைத்தான் எங்கள் ஊரில் கணியம் என்பார்கள். கரையில் இருக்கும் இரண்டு பொருளை, கடலிலிருந்து பார்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று நிற்கும்படி படகை வைத்தால் ஒரு கோடு கிடைக்கும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு பொருள், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் அடியில் பாறை இருக்கும், அதில் மீன் இருக்கும். ஜிபிஎஸ் வந்த பிறகும் அப்பன் சொன்ன கணியத்தை யாரும் கருவியில் ஏற்றமாட்டார்கள். கருவியை எவனும் எட்டிப்பார்க்கலாம். கணியம் மூத்த மகனுக்கு மட்டும், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஒய்ரிக் நெற்றியில் சாம்பல் பூச வந்து நின்றாள். "மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்பதைக் கேலிக்கில் சொல்லவேண்டும். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளே மெதுவாக எடுத்துக்கொடுத்தாள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. பாவி மனுஷி, அந்த வார்த்தையை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பங்குப் பேரவையில் லாக்லனுக்கு நினைவுப் பூசை வைக்கலாம் என்று தீர்மானம். நான்தான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

"ஆளு இல்லாம எதுக்குப் பூச?" என்றாள் ஒய்ரிக். "வெறும் பெட்டிய வச்சுக்கிட்டுப் பாடுவீங்களோ?"

வெறும் பெட்டியை வைத்துப் பூசை செய்வது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு சட்டை, ஒரு வேட்டி, இடுப்பில் கட்டும் ஒரு அரைஞாண். பெட்டி கனக்காது. தூக்கி வந்தவர்கள் வேண்டுமென்றே கனப்பதுபோல நடந்தார்கள். பெற்றவள் அந்தப் பூசைக்கு வரவில்லை, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஒய்ரிக்கிடம் இதைச் சொல்லவில்லை. சரி என்றேன். அவள் என் பிரசங்கத் தாளை வாங்கித் திருத்தினாள். முடித்துவிட்டு, "மலைகளுக்குப் பேரு சொல்லும்போது வாய்க்குள்ள கல்லு வச்ச மாதிரி சொல்லுதீங்க. மலையப் பாக்காம மலைக்கு எப்பிடிப் பேரு சொல்லுவீங்க? ஞாயிறு கழிஞ்சு வாங்க, நடப்போம்" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

பள்ளி விடுமுறையாம். காலையில் ஒய்ரிக்கோடு கோயிலுக்குக் கிழக்கே உள்ள மலையில் ஏறினேன். என் முழங்கால் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

இங்கே ஒரு கல்லுக்கும் பேர் இல்லாமல் இல்லை. கன்று ஈன்ற மேடு, பால் சிந்திய கல், இரண்டு சகோதரிகள் சண்டை போட்ட வாய்க்கால். மலைகளுக்கோ முழு உடம்பே இருக்கிறது. மூக்கு, தோள், முதுகு, முழங்கால். "இது மூக்கு" என்று ஒரு மொட்டைப் பாறையைக் காட்டினாள். எனக்கு மூக்காகத் தெரியவில்லை, உரலாகத்தான் தெரிந்தது. சொன்னேன்.

"இங்கேருந்து பாத்தா தெரியாது சாமி. இந்தப் பேரெல்லாம் கரையில நிக்கவன் வச்ச பேரு இல்ல. கடல்ல நின்னு பாத்தவன் வச்சது."

உச்சியில் இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு கணவாய். அங்கிருந்து பார்த்தால் கீழே நம் கோயில் தீப்பெட்டியளவு, முகட்டில் சிலுவை, அதற்கப்பால் கடல். ஒய்ரிக் பேச்சை நிறுத்தினாள். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தாள். இன்னும் அரை அடி. பிறகு அசையவில்லை. சிலுவைக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றாள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். காற்று காதைக் கிழித்தது. வாத்துக் கூட்டம் ஒன்று வடக்கே போயிற்று.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். கோயில் கூரையின் மழைத் தண்ணீர்த் தாரை அடைத்துக்கொண்டது. ஏணி வைத்துப் பாசியை அள்ளி எடுத்தேன். ருவரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வள்ளக்காரன் மகன்னு சொன்னீரு, பாய்மரத்துல ஏறுத மாதிரியா ஏறுதீரு, கர்ப்பிணிப் பசு மாதிரில்லா ஏறுதீரு" என்றார். இங்கே வந்ததிலிருந்து ஒருநாளும் நான் படகில் ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். குளிர் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குப் பிறகு மறுபடி நடை. இந்தத் தடவை வடக்கு மலை. அதன் நெஞ்சில் செம்மண் சரிந்த ஒரு வடு இருக்கிறது. செஞ்சரிவு என்று பேர். பாதி வழியில் பூவிட்ட மஞ்சள் முட்செடியில் கையைக் கிழித்துக்கொண்டேன். அந்தச் செடிக்கும் பேர் சொன்னாள், மறந்துவிட்டேன்.

செஞ்சரிவின் அடியில் நின்றால் கீழே வயலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காய் ஒரு ஒற்றைக் கல் நட்டிருப்பது தெரியும். யார் நட்டார்கள் என்று தெரியாத பழங்கல். அதற்கப்பால் கடல், தென்மேற்கே.

ஒய்ரிக் ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தாள். நின்றாள். பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது: அன்று கணவாயும் சிலுவையும் ஒரு கோடு, இன்று சரிவும் கல்லும் இன்னொரு கோடு. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். அவளிடம் லாக்லன் சத்தியம் வாங்கியிருக்கிறான். யாரிடமும் சொல்லாதே என்று. அவள் சொல்லவில்லை. நடந்தாள், அவ்வளவுதான். இந்தத் தீவில் எத்தனையோ பேர் இருக்க, வள்ளக்காரன் மகன் ஒருவனைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறாள்.

என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் இவள்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

மார்ச் 24, திங்கள்

ஒன்றுமில்லை. மழை.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவின் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஒய்ரிக் பிரசங்கம் திருத்த வந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "மலைப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"ரெண்டு மலையுமா?"

"ரெண்டும்."

சற்று நின்றாள். அவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்திருப்பாள். போய்விட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று நடந்ததை முழுதும் எழுதப்போகிறேன்.

காலையிலிருந்து பாவசங்கீர்த்தனம். கடைசியாக ஒய்ரிக் வந்து மண்டியிட்டாள். தட்டியின் அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள், "நில்லுங்க" என்றேன். "லாக்லன் காரியம்னா இங்க சொல்லாதீங்க. இங்க சொன்னா என் கையையும் வாயையும் கட்டிப்போட்ட மாதிரி. அத வச்சு நான் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. வெளிய வாங்க." அவள் தொடங்கவே இல்லை, ஆகவே இதை எழுதுவதில் தப்பில்லை.

கோயிலின் தெற்குச் சுவர் ஓரம் காற்றுப் படாது. அங்கே நின்றோம். சத்தியம் அவளை விடவில்லை. ஆகவே நான் முதலில் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, கேலிக் பாதி ஆங்கிலம் பாதியாக, ஒரு பள்ளிக்கூட வாத்திச்சியிடம் சொன்னேன்.

எனக்குக் கிளீட்டஸ் என்று ஒரு தம்பி. நான் குருமடத்துக்குப் போகுமுன் அப்பா எங்கள் கணியத்தை எனக்குச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். தம்பியிடம் அவர் சொல்லவில்லை, அதற்குள் இறந்துபோனார். கடலுக்குப் போகிறவன் அவன், கணியம் இருப்பதோ சாமியாரிடம். பாவம், எத்தனையோ முறை கேட்டான். ஏழு வருஷத்துக்கு முன் விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் புயல் வந்தது. அவன் வள்ளம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம், காற்று முற்றுவதற்கு முன்னால், தேடப்போகிற போட்டுக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "சாமி, கிளீட்டஸ் எந்தப் பாருக்குப் போனான்னு தெரியுமா?" கடலுக்கடியில் இருக்கும் பாறையை நாங்கள் பார் என்போம். பன்னிரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டு பேருக்கும் அப்பாவின் இடத்தைச் சொல்லவேண்டும். தம்பி நல்ல தொழில்காரன், எப்படியும் வந்துவிடுவான், வந்து "எல்லாவனுக்கும் சொல்லிட்டியே" என்று என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். தெரியாது என்றேன். மறுநாள் மத்தியானம்தான் சொன்னேன். அந்தக் கடலிலும் போனார்கள். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் மிதந்தது. கைப்பிடியில் ஒரு ஆள் தன்னைக் கட்டிக்கொள்கிற மாதிரி கயிறு கட்டியிருந்தது. கட்டு அவிழ்ந்திருந்தது.

வெறும் பெட்டிக்குப் பூசை வைத்தது நான்தான்.

ஒய்ரிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "அவன் அங்கதான் இருக்கான்னு எனக்கு முத நாளே தெரியும் சாமி. ருவரி கேட்டப்ப சொன்னா, பொண்டாட்டிக்கு எடத்தக் காட்டுனவன்னு அவன் மானம் போயிரும்னு நெனச்சேன். பொறவு பாத்தா, அது மட்டும் இல்ல. சொல்லாத வரைக்கும் அவன் சாகல." அழுதாள். நானும் அழுதேன். பெரிய வெள்ளியில் சாமியார் அழுவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அடையாளத்தைச் சொன்னாள். நான்கு வரி, பாட்டு மாதிரி. அதை இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 23ஆம் தேதியே எனக்குத் தெரியும். இன்று ஏப்ரல் 18. இருபத்தாறு நாள் பிரசங்கமும் மழையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவது முறையும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

காற்று. கோயில் நிறைந்திருந்தது. பூசைக்குப் பிறகு ருவரியிடம், "அடங்குனதும் என்னயக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. ஒய்ரிக் கோயில் வாசலில் நின்றாள். வரவில்லை என்றாள்.

படகில் ஏறும்போது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ருவரி பார்த்தும் கேலி செய்யவில்லை. துறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு காரியம் செய்தார். ஜிபிஎஸ் கருவியை அணைத்தார். அதன் கம்பியையும் பிடுங்கினார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.

"சொல்லும் சாமி. நான் திரும்பமாட்டேன்."

கரையைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான். கடலிலிருந்து பார்த்தபோது அந்த மொட்டைப் பாறை மூக்காக இருந்தது. தோள் தோளாக இருந்தது. அது ஒரு ஆள், மல்லாந்து படுத்திருக்கிற ஆள். அம்மாடி, இதைத்தான் அவள் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம். இன்னும். நேரா." சிலுவை மெல்ல நகர்ந்து கணவாய்க்குள் போய் நின்றது. அந்தக் கோட்டிலேயே கரையை விட்டுத் தள்ளிப் போகச் சொன்னேன். வடக்கே ஒற்றைக் கல் வயல் வழியே நடப்பதுபோல நகர்ந்து செஞ்சரிவின் அடிக்கு வந்தது. "நிறுத்துங்க."

பாதாளக்கரண்டி மாதிரி நான்கு முனைக் கொக்கி. இரண்டு தடவை வெறுமனே வந்தது. மூன்றாவது தடவை கயிறு விறைத்தது.

முதல் கூடு வந்தது. இரண்டாவது. பத்து வாரமாய் அடியில் கிடந்த கூடுகள், உள்ளே சிங்கி இறால்கள் உயிரோடு இருந்தன. ருவரி ஒவ்வொரு கூட்டையும் திறந்து எல்லாவற்றையும் கடலில் விட்டார். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பதினொன்றாவது கூட்டுக்கும் பன்னிரண்டாவது கூட்டுக்கும் நடுவில் முதலில் பூட்ஸ் தெரிந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கினோம். வேறு எதையும் எழுதவேண்டியதில்லை. ருவரி கேலிக்கில் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினார், நான் தமிழில் சொல்லி முடித்தேன். வேறு மொழி எனக்கு வரவில்லை.

கரைக்குத் திரும்பும் வழியில், இடம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவர் தலையைத் திருப்பினார். ஒய்ரிக் தண்ணீருக்குள் முழங்காலளவு நடந்து வந்து நின்றிருந்தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

உடலைப் பெருந்தீவுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், சட்டப்படி பார்க்கவேண்டியதைப் பார்க்க. பெட்டி செய்ய ருவரியின் மச்சான். எனக்குச் சளி. மிளகு ரசம்.

மே 2, வெள்ளி

லாக்லனின் அடக்கம். இங்கே கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெட்டியை நடந்தே கொண்டுபோவார்கள். ஆண்கள் இரண்டு வரிசையாய் நின்று, பத்தடிக்கு ஒருமுறை முன்னால் இருப்பவன் விலகி, பின்னால் இருப்பவன் தோள் கொடுத்து, ஒன்றரை மைல். யாரும் யாரிடமும் சொல்வதில்லை, பெட்டி நிற்பதும் இல்லை. என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். பெட்டி கனத்தது. உண்மையாகவே கனத்தது. என் தோளில் அந்தப் பாரம் இறங்கினபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கல்லறைத் தோட்டம் கடலைப் பார்த்தது. புல்லெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் பூ. ஒய்ரிக் ஒரு பிடி மணல் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "நல்லாச் சொன்னீங்க. ரெண்டு எடத்துலதான் தப்பு" என்றாள்.

"எந்த ரெண்டு எடம்?"

"புதன்கிழம வாரேன்."

திரும்பும்போது கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். "உங்க அம்மாக்குத் தெரியுமா சாமி?" என்றாள். தெரியாது என்றேன். அவள் இரண்டாவது கேட்கவில்லை.

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து நானே அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பக்கத்தில் யாரோ இருந்திருக்கவேண்டும், "சாமி பேசுதாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். பின்னால் கடல் சத்தம் கேட்டது.

அவள் கேட்பதற்கு முன்னால் சொன்னேன். "அம்மா, அன்னைக்குப் போட்டுக்காரங்க கேட்டாவ. கிளீட்டஸ் எந்தப் பாருக்குப் போனான்னு கேட்டாவ. எனக்குத் தெரியும். அப்பாக்க கணியத்த நான்தான் அவனுக்குக் குடுத்தேன். கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன். மறுநாள் மத்தியானம்தான் சொன்னேன்."

அவள் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்கிட்ட வாரதுக்கு முன்னால அவங்க எங்கிட்டல்லா மக்களே வந்தாவ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் ஆன புதுசுல உங்க அப்பா என்னய மருந்துவாழ்மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கோயில் கோபுரத்த ஒரு வெரலால மறைச்சு, அங்க பாரு, நம்ம எடம் அங்கதான்னு காட்டுனாரு. பொட்டச்சிக்குக் கணியம் சொன்னவன்னு ஊரு சிரிக்கும், ஒருத்தர்ட்டயும் சொல்லாதன்னாரு. கிளீட்டஸு அந்தப் பக்கந்தான் போனான்னு அன்னைக்கு எனக்கும் தெரியும். போட்டுக்காரங்க கேட்டப்ப, பொம்பள நான் என்னத்தக் கண்டேன்னு சொல்லிட்டேன். மூத்தவன்ட்ட கேளுங்க, சாமியாருல்லா, அவனுக்குத் தெரிஞ்சா சொல்லுவான்னு உங்கிட்ட அனுப்புனதும் நான்தான்."

"அம்மா..."

"உங்கிட்ட கேட்டாவளா, நீ சொன்னியான்னு தெரியணும் மக்களே எனக்கு. நீ சொல்லியிருந்தா அவன நான் கொல்லல. ஒண்ணும் கேக்கலன்னு நீ சொல்லும்போதெல்லாம், அப்ப எங்கிட்ட மட்டுந்தான் கேட்டிருக்காவ, நான் ஒருத்திதான் கொன்னேன்னு போனை வச்சுருவேன்."

ஏழு வருஷம். வாரம் ஒரு தடவை. நான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன ஒரு பொய்யை வைத்து அவள் தன்னை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு பேரும்தாம்மா. ரெண்டு பேரும்தான்" என்று மட்டும் சொன்னேன். அதைத் தவிர என்ன சொல்ல முடியும்.

இருவரும் அழுது முடித்த பிறகு, கணியத்தைச் சொல்லச் சொன்னேன். மலை பக்கம் இருக்கிற பாதியை அவள் சொன்னாள். கோபுரம் பக்கம் இருக்கிற மீதியை நான் சொன்னேன். சேர்த்தால் அப்பாவின் இடம் வந்தது.

"இனி அவனுக்குப் பூச வச்சிரு மக்களே" என்றாள்.

மாலை ஆறு மணிக்குக் கோயிலைத் திறக்கச் சொன்னேன். ருவரி சாவியோடு வந்தார். யாருக்குப் பூசை என்று கேட்டார்.

"என் தம்பி கிளீட்டஸுக்கு" என்றேன்.

அவர் இரண்டாவது கேட்கவில்லை. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.